விழப்போகிற பல்லுக்கு என்ன கடமை?

மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலைக்குத் திருச்சாரணத்துமலை என்பது பழைய பெயர். 9-ஆம் நூற்றாண்டில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், அங்கே சமணத் துறவிகள் இருந்தார்கள். பாறையில் புடைப்பாகச் செதுக்கிய தீர்த்தங்கரர்கள் இன்றும் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். தமிழகத்துச் சமணத்தில் மேலோங்கியிருந்தது திகம்பர நெறி. அந்நெறியின் முனிவருக்கு மூலகுணங்கள் என்று 28 விரதங்கள் உண்டு. குளிக்காமலிருப்பது அவற்றில் ஒன்று, பல் துலக்காமலிருப்பது இன்னொன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில், அதே நாட்டில் சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் ஏறக்குறைய 700 குடும்பங்களைத் திரட்டி வாகைப்பதியிலும், பிறகு குமரியை அடுத்த முட்டப்பதியிலும் துவையல் தவசு இருக்கச் செய்தார். நாளுக்கு மூன்று வேளை கடலில் குளிப்பு, உடுத்த துணியைத் துவைப்பு, எளிய மரக்கறி உணவு, வழிபாடு. உடலைக் கழுவாமை தவம் என்றது ஒரு மரபு. கழுவுவதே தவம் என்றது மற்றொன்று. இரண்டில் எது வீடுபேற்றுக்கு நெருங்கிய வழி என்ற விவாதத்தைத் துறவிகளிடம் விட்டுவிடலாம். பிள்ளை குட்டியோடு வீடு நடத்துகிறவர்களின் கேள்வி இன்னும் சின்னது, ஆனால் தப்பிக்க முடியாதது. இரவு ஒன்பது மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் சிணுங்குகிற நாலு வயதுப் பிள்ளையைப் பிடித்து நிறுத்திப் பல் தேய்த்துவிடுவது அறத்தின்பாற்பட்ட கடமையா, நேரமிருந்தால் செய்கிற வேலையா? கடமை என்றால் அது எதிலிருந்து பிறக்கிறது?

முதலில் சிதறால் மலையின் பக்கத்தைக் கேட்க வேண்டும். பல் துலக்காத விரதத்தைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ ஒதுக்குவது நியாயமில்லை. உடம்பை அழகுபடுத்தும் ஆசைதான் உடம்பே நான் என்ற மயக்கத்துக்கு முதல் படி என்று கண்டவர்களின் முடிவு அது. சமண முனிவர்களின் நூலான நாலடியாரில் பல்லைப் பற்றியே ஒரு பாட்டு இருக்கிறது. பெண்ணின் பல்லை முல்லையரும்பு என்றும் முத்து என்றும் பிதற்றுகிறவர்களின் பேச்சு என்னை அசைக்குமா, எல்லாரும் காணச் சுடுகாட்டில் உதிர்ந்து கிடக்கும் பல்லெலும்பைப் பார்த்து நடக்கிறவன் நான், என்பது அதன் பொருள். உடம்பு நிலையாது என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று கிடைக்காது. மறுக்கவும் முடியாது. ஆனால் இந்தப் பெரிய உண்மை மலையிலிருந்து இறங்கி அடுக்களைக்கு வரும்போது வேறு உருவம் எடுக்கிறது. “விழப்போற பல்லுதானே மக்கா, அதுக்குப் போய் பிள்ளைய அழ வைக்கணுமா?” என்று ஒரு பாட்டி சொல்லும்போது, தன்னையறியாமல் அவள் நிலையாமைத் தத்துவத்தைத்தான் பால்பல்லுக்குப் பொருத்துகிறாள். நிலைக்காத பொருளுக்கு உழைப்பு வீண் என்பது அவள் முடிவு. அந்த முடிவு தலைகீழானது. நிலைத்திருக்கும் பொருளுக்கு நம் கவனம் தேவைப்படாது. அழியக்கூடியது என்பதுதான் ஒன்றைப் பேணுவதற்கான முழுக் காரணம். வாயைத் துலக்குவதை இதுவரை கடவுள் முன் போய் நிற்பதற்கான தகுதியாக வைத்திருந்தோம். அழியக்கூடியதைக் காக்கும் பொறுப்பாக அதை இடம் மாற்றி வைத்தால், எப்போது, யாருக்கு, எப்படித் துலக்குவது என்பதெல்லாம் மாறும்.

தகுதியாக வைத்திருந்தோம் என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஆசாரக்கோவை, வைகறையில் எழுந்து பல்குச்சியால் பல் துலக்கிக் கண் கழுவித் தெய்வத்தைத் தொழச் சொல்கிறது. பல் துலக்கல் அங்கே தொழுகையின் வாசற்படி. வடமொழி தரும நூல்கள் இன்னும் ஒரு படி மேலே போய், அமாவாசை போன்ற சில நாட்களில் பல்குச்சியையே விலக்கின. அந்த நாட்களில் பன்னிரண்டு தடவை வாய் கொப்பளித்தால் போதும். பல்லின் நலம்தான் நோக்கமென்றால் நாள் பார்த்து விலக்க வேண்டியதில்லை. அங்கே நோக்கம் சுத்தி. ஆனால் இந்த ஆசாரம் சாதித்ததையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த மருத்துவரும் வந்து சொல்லாமல், எந்த விளம்பரமும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகம் முழுவதையும் விடிந்ததும் வாய் துலக்க வைத்தது அதுதான். குமரி மாவட்டத்தில் உமிக்கரி, உப்பு, பழுத்த மாவிலை ஆகியவற்றைப் பல்லுக்கும், நடுவே கீறிய தென்னை ஈர்க்கை நாக்குக்கும் பயன்படுத்திய தலைமுறைக்கு அது உணவு மாதிரியே நாள்முறை. பல் தேய்க்காதவனுக்குக் காப்பி கிடையாது என்ற சட்டம் இன்றும் பெரும்பாலான வீடுகளில் செல்லும். பழக்கத்தை அறிவுரை உண்டாக்குவதில்லை, சடங்குதான் உண்டாக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறில்லை. ஆசாரத்தைக் கேலி செய்துவிட்டுச் சுகாதாரத்தை மட்டும் கையில் எடுக்கிறவர்கள் இந்தப் பலத்தை இழந்துவிடுகிறார்கள்.

குறை இருப்பது வேறிடத்தில். சுத்தியை நோக்கமாகக் கொண்ட துலக்கல் காலையில் முடிந்துவிடுகிறது, ஏனென்றால் நாளும் தெய்வமும் தொடங்குவது காலையில். பல்லுக்கு அழிவு வருவதோ பெரும்பாலும் இரவில். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலம் கூடி, அதைக் காட்டும் pH அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலில் உள்ள சுண்ணச் சத்து கரையத் தொடங்குகிறது. விழித்திருக்கும்போது எச்சில் அந்த அமிலத்தை அரைமணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தணித்து, கரைந்ததில் ஒரு பங்கைத் திரும்பவும் கொண்டுவந்து சேர்க்கிறது. உறக்கத்தில் எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடும். பாலும் பிஸ்கட்டும் தின்றபடி உறங்கும் பிள்ளையின் வாயில் அமிலத்துக்கு எதிராளி இல்லை. இதில் வியப்பு என்னவென்றால், நம் மரபின் மருத்துவப் பக்கம் இதை வேறு வழியில் எப்போதோ எட்டிவிட்டது. தென் திருவிதாங்கூர் வைத்தியர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடிய அஷ்டாங்க ஹிருதயம், பல்குச்சியைக் காலையிலும் உணவுக்குப் பின்னும் பயன்படுத்தச் சொல்கிறது, ஈறு புண்படாமல் துலக்கவும் சொல்கிறது. சரக சம்ஹிதையும் நாளுக்கு இரண்டு வேளை என்கிறது. தரும நூலும் வைத்திய நூலும் ஒரே மொழியில், ஒரே பண்பாட்டில் எழுதப்பட்டவை. முன்னது தொழுவதற்கு முன் துலக்கு என்றது, பின்னது உண்டதற்குப் பின்னும் துலக்கு என்றது. வீடுகளில் நிலைத்தது முன்னது. மரபைக் கைவிடச் சொல்லும் வாதமல்ல இது. மரபில் நாம் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம் என்று சுட்டும் வாதம்.

குமரி மாவட்டத்தின் மற்ற இரு சமயங்களும் இதே முடிச்சை அவிழ்த்துப் பார்த்திருக்கின்றன. இஸ்லாத்தில் பல்குச்சி நபிவழி. தம் சமூகத்தாருக்குச் சுமையாகிவிடுமோ என்ற எண்ணம் மட்டும் இல்லாதிருந்தால், ஒவ்வொரு தொழுகைக்கும் அதைக் கட்டாயமாக்கியிருப்பேன் என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸ் நூல்கள் பதிந்துள்ளன. அதிலும் துலக்கல் தொழுகையோடுதான் பிணைந்திருக்கிறது. ஆனால் ஐந்து வேளை என்பதால் இரவும் அதற்குள் வந்துவிடுகிறது. சுமையாகக் கூடாது என்ற அந்தத் தயக்கம் இன்னும் முக்கியமானது, பின்னால் அதற்குத் திரும்ப வேண்டியிருக்கும். கிறிஸ்தவத்தில் திசை வேறு. சாப்பிடுமுன் கை கழுவவில்லை என்று சீடர்கள் மேல் வந்த குற்றச்சாட்டுக்கு இயேசு சொன்ன பதிலை மாற்கு பதிவு செய்கிறார். வெளியிலிருந்து வாய்க்குள் போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, அது வயிற்றுக்குப் போய்க் கழிந்துவிடும், உள்ளத்திலிருந்து வெளியே வருவதே தீட்டுப்படுத்தும் என்பது அந்தப் பதில். இதைச் சுகாதார அறிவுரையாக எடுத்துக்கொண்டு, கழுவுதல் தேவையில்லை என்று வாதிட்டால் அந்தப் பகுதியையே கொலை செய்ததாகும். அவர் பேசியது ஆன்மாவின் தீட்டு பற்றி. அழுக்கு கடவுளிடமிருந்து ஒருவனைத் தள்ளி வைக்காது என்றார், அழுக்கு உடம்பைக் கெடுக்காது என்று சொல்லவில்லை. தீட்டும் தீங்கும் வேறு வேறு என்ற இந்தப் பிரிப்புதான் நமக்கு வேண்டியது. தீட்டுக் கணக்கில் பார்த்தால் பல்லில் ஒட்டிய சர்க்கரை ஒன்றுமேயில்லை. தீங்குக் கணக்கில் அது இரவெல்லாம் வேலை செய்கிறது.

தீட்டுக் கணக்கை உடைத்தபிறகும் கழுவுதலைக் கைவிடாமல் வைத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்பதற்கு நாஞ்சில் நாட்டில் முன்மாதிரி இருக்கிறது. வைகுண்டரின் காலத்துத் திருவிதாங்கூரில் சுத்தம் என்பது பிறப்போடு ஒட்டியது. மேலாடை அணியவும் தலைப்பாகை கட்டவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் உரிமை மறுக்கப்பட்டவர்கள் எத்தனை முறை குளித்தாலும் அந்தக் கணக்கில் சுத்தமாக மாட்டார்கள். குளிக்காதவன் சுத்தமானவனாகவும் குளித்தவன் தீட்டுக்காரனாகவும் இருக்க முடிகிற விசித்திரமான கணக்கு அது. துவையல் தவசு இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. சுத்தம் யாரும் பிறவியில் கொண்டுவருவதில்லை, நாள்தோறும் செய்து பெறுவது, யாரும் செய்யலாம் என்று 700 குடும்பங்கள் உடலால் காட்டின. சாமித்தோப்பில் முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீராட வழி பிறந்தது. தலைப்பாகை கட்டியே வழிபடச் சொன்னார் வைகுண்டர். அய்யாவழி வழிபாட்டிடங்களான பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் சிலைக்குப் பதில் கண்ணாடி இருக்கிறது. கும்பிடப் போகிறவர் காண்பது தன் முகத்தைத்தான். அந்த ஏற்பாட்டுக்கு எந்த விளக்கம் தந்தாலும், உடம்பை வெறுத்து ஒதுக்கும் சமயத்தில் அதற்கு இடம் இருந்திருக்காது. கழுவுதலின் அடிப்படையை மேல் கீழ் என்ற வரிசையிலிருந்து பெயர்த்து எடுத்துத் தன்மதிப்பின் மேல் வைத்தார் அவர். சடங்கின் பலம் குறையவில்லை, பொருள் மட்டும் மாறியது. ஒரு முறை மாற்ற முடிந்ததை இன்னொரு முறையும் மாற்றலாம்.

இப்போது பால்பல்லுக்கு வருவோம். குழந்தைக்கு ஆறாம் மாதம் வாக்கில் முளைக்கத் தொடங்கி மூன்று வயதுக்குள் 20 பற்கள் நிரம்புகின்றன. கடைசிப் பால்பல் விழ 11, 12 வயதாகிறது. விழப்போகிற பல் என்று நாம் சொல்லுகிற பல், சில இடங்களில் எட்டொன்பது ஆண்டுகள் வேலை செய்கிறது. பிள்ளை மென்று தின்பது அதனால், பேச்சு திருந்துவது அதனால், பின்னால் வருகிற பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அது. சொத்தை முற்றி வேரடியில் சீழ் கட்டினால், கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லின் எனாமலையும் கெடுக்கக்கூடும். எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது ஆறு வயதில் நடக்கிறது. கடைசிப் பால் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. ஒரு பல்லும் விழாததால் இதுவும் பால்பல்தான் என்று பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். மேற்பரப்பில் ஆழமான பள்ளங்களோடு, முழுதாக வெளிவர மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டு, பிரஷ் எட்டாத மூலையில் நிற்கிற அந்தப் பல், அறுபது எழுபது ஆண்டுகள் உழைக்க வேண்டியது. அழிவதும் நிலைப்பதும் ஒரே வாய்க்குள் ஒரே வரிசையில் நிற்கின்றன, பார்க்கிறவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. அழிவது என்று கைவிட்டவர் நிலைப்பதையும் சேர்த்தே கைவிடுகிறார். நாற்றங்காலும் சில வாரங்களில் பிடுங்கப்படுவதுதான். கன்னிப்பூப் போகமோ கும்பப்பூப் போகமோ, பிடுங்கப்போகிற நாற்றுதானே என்று அதற்குத் தண்ணீர் கட்டாமல் விட்ட விவசாயி நாஞ்சில் நாட்டில் இல்லை.

சமண முனிவர் இதற்கு எளிதாகப் பதில் சொல்லலாம். நிலைப்பல் என்று நீங்கள் சொல்வதும் ஒரு நாள் உதிர்வதுதானே, பத்து ஆண்டும் எழுபது ஆண்டும் பிறவித் தொடரில் ஒன்றுதானே? தத்துவமாக இது பழுதற்ற வாதம். ஆனால் அவருடைய 28 விரதங்களை முழுதாகப் படித்தால், பல் துலக்காமைக்கு அருகிலேயே இன்னொரு விரதம் இருக்கிறது: நாளுக்கு ஒரு வேளை மட்டும் உணவு. ருசிக்காக உண்ணாதவர், இடையில் எதையும் வாயில் போடாதவர், நாள் முழுவதும் எச்சிலுக்கு வேலை முடிக்க நேரம் கொடுத்தவர் பல்லைத் துலக்காமல் விட்டதற்கும், நம் வீட்டு நிலைக்கும் ஒப்பில்லை. காலையில் காப்பி, பத்து மணிக்கு பிஸ்கட், பள்ளிவிட்டு வந்ததும் பழம்பொரி, நடுவில் சர்க்கரை வரட்டி, கல்யாண வீடென்றால் மூன்று நான்கு பாயசம், படுக்கும் முன் சர்க்கரை போட்ட பால் என்று வாய்க்கு ஓய்வே கொடுக்காத இல்லறத்தான், பல் துலக்கும்போது மட்டும் நிலையாமை பேசினால் அது விரதத்தில் பாதியைக் கூட எடுத்துக்கொண்டதாகாது. துறவிக்கு வேறொரு வசதியும் உண்டு. அவர் கைவிட்டது தன் பல்லை. அந்த முடிவின் வலியை அனுபவிப்பவரும் அவரே. பெற்றோர் கைவிடுவது இன்னொருவரின் பல்லை, அதுவும் விரதம் எடுக்க வயதில்லாத ஒருவரின் பல்லை. தன் உடம்பைத் துறக்க ஒருவருக்கு உரிமை இருக்கலாம். பிள்ளையின் உடம்பைத் துறக்கும் உரிமையை எந்தச் சமயமும் யாருக்கும் தரவில்லை.

அடுத்து வரும் மறுப்பு பழமை சார்ந்தது. பேஸ்டும் பிரஷும் இல்லாமல் உமிக்கரி தேய்த்த தாத்தாவுக்கு எண்பதில் முறுக்கு கடிக்க முடிந்ததே என்பார்கள். அப்படிப்பட்ட தாத்தாக்கள் இருந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்ளலாம். முப்பதிலேயே பொக்கை வாயானவர்கள் நினைவில் தங்குவதில்லை என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். தாத்தாவின் பல்லைக் காத்ததில் உமிக்கரிக்கு இருந்த பங்கைவிட, அவருக்குக் கிடைக்காத இனிப்புக்கு இருந்த பங்கு அதிகம். பண்டிகைக்கு முந்திரிக்கொத்தும் பாயசமும் உண்டவருக்கும், நாளுக்கு ஐந்தாறு முறை இனிப்பு வாயில் படுகிறவருக்கும் ஒரே பல்பொடி ஒரே பலனைத் தராது. அமிலத் தாக்குதலைத் தீர்மானிப்பது எவ்வளவு தின்றோம் என்பதைக் காட்டிலும் எத்தனை முறை தின்றோம் என்பது. சீனி கெட்டது, கருப்பட்டி நல்லது என்று பனைவிளைகள் நிறைந்த இந்த ஊரில் சொல்வார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். பல்லிடுக்கில் இருக்கும் நுண்ணுயிருக்குப் பனையும் கரும்பும் ஒன்று. உமிக்கரியின் சொரசொரப்பு அழுக்கை எடுத்தது உண்மை, அழுத்தித் தேய்த்தவர்களுக்கு ஈறோரத்தில் பல்லை ஆப்பு வடிவில் அரித்ததும் உண்மை. கரைந்த எனாமலைத் திரும்ப இறுக்கும் ஃபுளோரைடு அதில் இல்லை. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் ஃபுளோரைடு பற்பசையை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்ததன் காரணம் அதுதான். முன்னோரைப் பின்பற்றுவதென்றால் அவர்கள் பல்பொடியை மட்டும் பின்பற்றக் கூடாது, தீனி இடைவெளியையும் சேர்த்துப் பின்பற்ற வேண்டும்.

இதைவிடக் கூரான மறுப்பு ஒன்று உண்டு. தெய்வத்துக்குப் படைப்பதும், கல்யாணத்தில் பெரியவர்கள் கையில் கொடுப்பதும், மங்கலத்தின் அடையாளமுமான வெற்றிலை பாக்கு எப்படிக் கெடுதல் செய்யும்? சுசீந்திரம் ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை சாத்துகிற ஊரில் இது வெறும் வாதத்துக்கான கேள்வியல்ல. விடையும் இந்த மாவட்டத்திலிருந்தே கிடைக்கிறது. 1838-ல் தொடங்கிய நெய்யூர் லண்டன் மிஷன் மருத்துவமனைக்கு வந்த நோயாளிகளிடம் வாய்ப்புற்று மிகுந்திருப்பதைக் கண்ட மருத்துவர்கள் அதைப் பதிவு செய்து வைத்தார்கள். திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய மருத்துவர் பென்டாலின் தொகுப்பு 1908-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்று பற்றி ஓர் (Orr) என்ற மருத்துவர் எழுதிய ஆய்வு 1933-ல் லான்செட்டில் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-ல் புகையிலை சேர்த்த வெற்றிலையையும், 2004-ல் வெளியிட்ட தொகுதியில் புகையிலை சேராத பாக்கையும் புற்று உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியது. பாக்கை விடாமல் மெல்லுகிறவருக்குக் கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் விழுந்து இறுகி, கடைசியில் ஒரு கவளம் சோறு போகவும் வாய் திறக்காமல் போவதுண்டு. ஆக, மங்கலமான பொருள் தீங்கு செய்யுமா என்றால், செய்யும். இதில் தெய்வத்துக்கு எந்த இழுக்கும் இல்லை. படைப்பது கையின் செயல், மரியாதை மனத்தின் செயல். புகையிலையோடு பாக்கை மணிக்கணக்கில் கன்னத்தில் அடக்கி வைக்கச் சொல்லி எந்த வழிபாட்டு விதியும் இல்லை. தாம்பூலத் தட்டை நீட்டலாம், வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், மெல்லாமலிருக்கலாம். சடங்கில் ஒன்றும் குறையாது.

விதி என்றும், குடும்பவாகு என்றும் ஒரு சமாதானம் இருக்கிறது. அம்மாவுக்கும் சொத்தைப் பல், அப்பாவுக்கும் சொத்தைப் பல், பிள்ளைக்கு மட்டும் எப்படி நல்ல பல் வரும் என்பது. பல்லின் அமைப்பிலும் எச்சிலின் தன்மையிலும் பரம்பரைக்குப் பங்கு உண்டு. ஆனால் ஒரு வீட்டில் தலைமுறை தாண்டி வருவது மரபணுக்கள் மட்டுமல்ல. அம்மா சுவைத்த கரண்டியில் ஊட்டும்போது சொத்தைக்குக் காரணமான நுண்ணுயிரும் பிள்ளைக்குப் போகிறது, இரவுப் பாலும் போகிறது, காலையில் மட்டும் துலக்கும் பழக்கமும் போகிறது. வினைப்பயனை நம்புகிறவர்கள் கூட, தலைவலி வந்தால் மண்டைக்காட்டு அம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துவிட்டு, மாத்திரையும் போட்டுக்கொள்கிறார்கள். அதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. நேர்ச்சை என்பது நம் கைக்கு எட்டாததை ஒப்படைப்பது, கைக்கு எட்டியதைச் செய்யாமல் விடுவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது. எது விதி என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் தெரியும். நடப்பதற்கு முன்னால் நம்மிடம் இருப்பது கடமை மட்டும்.

இரண்டு பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு ஆட்சேபங்கள். மருத்துவப் பக்கத்தார் கேட்கலாம்: பல்லுக்கு எதற்குச் சமயம், காரண காரியத்தைச் சொன்னால் போதாதா? போதாது. இரவில் துலக்காவிட்டால் பல் கரையும் என்று அறிவியல் சொல்லும். கரையவிடக் கூடாது என்று அது சொல்லாது, சொல்லவும் அதற்கு வழியில்லை. அந்தக் ‘கூடாது’ வேறிடத்திலிருந்துதான் வர வேண்டும். சமயத்திலிருந்து வரலாம், சமயம் சாராத அறத்திலிருந்தும் வரலாம். குமரி மாவட்டத்தில் கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் பதியும் ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன, பெரும்பாலோர் ‘கூடாது’ என்பதைக் கற்றுக்கொள்வது அங்கிருந்துதான். இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. கடமை என்று சொன்ன மறுகணம், சொத்தைப் பல் உள்ள பிள்ளையின் தாய் குற்றவாளியாகிவிடுகிறாளே? விடியற்காலையில் மீன் கூடையோடு கிளம்புகிறவளும், முந்திரி ஆலையில் நாள் முழுக்க உட்கார்ந்து எழுகிறவளும், ரப்பர் பால் வெட்டப் போகிறவனின் மனைவியும் இரவு ஒன்பது மணிக்கு எந்தத் தத்துவத்துக்கும் தயாராக இருக்கமாட்டார்கள். நபிகள் நாயகத்தின் தயக்கம் இங்கேதான் வழிகாட்டுகிறது. நல்லது என்று தெரிந்தும், சுமையாகுமென்றால் சட்டமாக்காமல் விடுவதும் அறத்தின் பகுதி. கடமை ஆற்றலுக்கு ஏற்றது. தாய்க்கு உள்ள அதே கடமை தகப்பனுக்கும் உண்டு, பள்ளிக்கூட வாசலில் ஒட்டும் மிட்டாயை விற்க விடுகிறவர்களுக்கும், குழந்தை உணவில் சர்க்கரையைக் கொட்டி விளம்பரம் செய்கிறவர்களுக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல் மருத்துவர் இல்லாமல் விடுகிறவர்களுக்கும் அதைவிடக் கூடுதலாக உண்டு. பழியைப் பங்கு போடத் தெரியாத அறம் ஏழைகளின் மேல்தான் விழும்.

சுமையைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது, அதுவும் ஆசாரத்திடமிருந்தே கற்றுக்கொள்வது. காலையில் துலக்குவது எளிதாக இருப்பதற்குக் காரணம் அது காப்பிக்கும் சாமி கும்பிடுவதற்கும் முன்னால் கட்டி வைக்கப்பட்டிருப்பது. இரவுக்கு அப்படிக் கட்ட ஒரு தறி வேண்டும். அது ஏற்கனவே வீட்டில் இருக்கிறது. கிறிஸ்தவ வீடுகளில் இரவுக் குடும்ப ஜெபம், முஸ்லிம் வீடுகளில் இஷா தொழுகை, அய்யாவழி வீடுகளில் அந்தி உகப்படிப்பு, இந்து வீடுகளில் விளக்கேற்றி நாமம் சொல்வது. அந்த வரிசையில் இராச்சாப்பாட்டையும் அதன்பின் பல் துலக்கலையும் சேர்த்து, அதற்குப் பிறகு தண்ணீர் தவிர வேறொன்றும் வாயில் படாது என்று வைத்துவிட்டால் நாளடைவில் அது யாரும் நினைவூட்டத் தேவையில்லாத நடப்பாகிவிடும். முதல் பல் முளைத்த நாளிலிருந்தே தொடங்கலாம். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு ஃபுளோரைடு பேஸ்ட், ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. துலக்கியபின் துப்பினால் போதும், மறுபடி மறுபடி கொப்பளித்தால் மருந்தும் சேர்ந்து போய்விடும். முதல் பிறந்தநாளுக்குள் ஒரு முறை பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். ஏழெட்டு வயது வரை பிள்ளையின் கையில் பிரஷைக் கொடுத்தாலும், கடைசியாக ஒரு தடவை பெரியவர் ஒருவர் தேய்த்துவிட வேண்டும், ஏனென்றால் ஆறாம் வயதில் முளைக்கும் அந்தக் கடைவாய்ப்பல்லைப் பிள்ளையின் கை எட்டாது. தானே தேர்ந்தெடுக்க வயது வரும்வரை அந்தப் பல் பெரியவர்களின் பொறுப்பில் இருக்கிறது. வயது வந்தபின் அவன் சிதறால் மலைத் துறவிகளின் வழியில் போக நினைத்தால் போகட்டும். ஆனால் அன்று அவன் துறக்க அவனிடம் முழுதாக ஒரு பல்வரிசை இருக்க வேண்டும்.